வலி தணிந்தால் போதுமா?

குடல் அழற்சி என்னும் கொடிய நோயைப் பற்றி நாட்டிலே பலர் அறியார். குரோன் நோய், பெருங்குடல் புண் நோய் என அதில் இருவகை. குடற்சுவர் ஆண்டுக்கணக்கில் புண்ணாகிக் கிடக்கும். வயிற்றுவலி, ஓயாத கழிச்சல், இரத்தப்போக்கு, உடல் மெலிவு! அடியோடு தீர்க்கும் மருந்து இன்றும் இல்லை. அடக்கிவைக்கும் மருந்துகள் உண்டு. அவற்றுள் சில, ஏழையின் கைக்கு எட்டாத விலை.

இந்த நோயாளிகளில் சிலர் கஞ்சாவை நாடுகின்றனர். "போதைக்காரர்கள்" என்று முகம் சுளிப்போர் ஒருபுறம். "மூலிகையின் மகிமை" என்று துள்ளுவோர் மறுபுறம். இரு சாராரையும் நாம் ஏற்பதற்கில்லை. எதையும் சோதித்தறிவதே பகுத்தறிவு.

சோதித்தவர்கள் கண்டது என்ன? 2013-ஆம் ஆண்டு இஸ்ரேல் மருத்துவர்கள் தாம் நடத்திய சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். குரோன் நோயாளிகள் 21 பேர். 11 பேருக்குக் கஞ்சா சிகரெட். 10 பேருக்குப் போதைச் சத்து நீக்கிய சிகரெட். எட்டு வாரம் கழித்துப் பார்த்தால், முதற்பிரிவில் 10 பேருக்கும் மறுபிரிவில் 4 பேருக்கும் தொல்லை குறைந்திருந்தது. கஞ்சா பெற்றவர்களுக்குப் பசியும் உறக்கமும் மேம்பட்டன. இதை மறைப்பது நேர்மையாகாது.

ஆனால் நோயின் அறிகுறிகள் முற்றும் அடங்கியவர்கள் முதற்பிரிவில் 5 பேர், மறுபிரிவில் ஒருவர். இத்தனை சிறிய எண்ணிக்கையில் இதனைத் தற்செயல் அன்று என்று அறுதியிட இயலவில்லை. 2021-இல் அந்நாட்டிலேயே 56 பேரிடம் கஞ்சா எண்ணெயைச் சோதித்த முடிவும் வந்தது. நோயாளிகள் நலமடைந்ததாக உணர்ந்தார்கள்; குடலுக்குள் கருவி செலுத்திப் பார்த்தபோதோ, புண் ஆறியதற்கு அடையாளம் இல்லை!

இங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. வலி அடங்கியது, நோயும் அடங்கியது என்று எண்ணி மருந்தை நிறுத்துகிறவனின் குடலில் அழற்சி ஓசையின்றி வேலை செய்யும். குடல் சுருங்கும், துளைபடும், கத்தி வைக்க நேரும். கானடாவில் 2014-இல் வெளியான ஆய்வொன்று, ஆறு திங்களுக்கு மேல் கஞ்சா பயன்படுத்திய குரோன் நோயாளிகளிடையே அறுவை மிகுதி என்று காட்டிற்று. கஞ்சாதான் காரணம் என்று அது மெய்ப்பிக்கவில்லை. நோய் முற்றியவர்களே அதை நாடியிருக்கலாம். எனினும் எச்சரிக்கை, எச்சரிக்கைதான்.

நம் நாட்டின் நிலை என்ன? 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி கஞ்சா பிடித்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. சிறைக்கு அஞ்சும் நோயாளி, மருத்துவரிடம் வாய் திறப்பானா? மறைப்பான். மறைத்தால் மருத்துவர் எதைக் கொண்டு மருத்துவம் செய்வார்? அதே சட்டம் மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் வழி விட்டிருக்கிறதே! அந்த வழியில் ஆய்வு நடக்கட்டும் என்றுதான் நாம் கேட்கிறோம்.

வலியால் துடிப்பவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நீதியன்று. அவனிடம் இலையைக் காட்டி, இதுவே மருந்து என்று காசு பறிப்பதும் நீதியன்று. ஆட்சியாளர்கள், மெய்ப்பிக்கப்பட்ட மருந்துகள் எளியோருக்கும் கிடைக்க வழி செய்யட்டும். நோயுற்ற தோழர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: மருத்துவரிடம் மறைக்காதீர்கள், மருந்தை நிறுத்தாதீர்கள்!