கடலுக்குப் போகும் முன் இரண்டு மணி நேரம்

மத்தியதரைக் கடலில் ஸ்பெயினுக்குச் சொந்தமான மெனோர்கா தீவுக்குக் கோடை விடுமுறையில் போகிறவர்கள், உரிமம் எதுவும் இல்லாமலேயே ஒரு மோட்டார் படகை வாடகைக்கு எடுத்து, தாங்களே ஓட்டிக்கொண்டு கடலுக்குள் போகலாம். பதினெட்டு வயது நிரம்பியிருந்தால் போதும். 2014-ஆம் ஆண்டின் அரசாணை ஒன்று இதற்குச் சில வரம்புகளை வைத்திருக்கிறது. படகின் நீளம் 5 மீட்டரைத் தாண்டக் கூடாது. இன்ஜின் 11.26 கிலோவாட்டுக்கு, அதாவது ஏறத்தாழ 15 குதிரைத்திறனுக்கு மேல் போகக் கூடாது. துறைமுகத்திலிருந்தோ ஒதுங்கிடத்திலிருந்தோ 2 கடல் மைலுக்குள் இருக்க வேண்டும். பகலில் மட்டுமே ஓட்ட வேண்டும். இவ்வளவுதான். மீதியெல்லாம் படகு வாடகைக் கடைக்காரர் கரையில் நின்று சொல்லித் தரும் சில நிமிட விளக்கம். சாதாரணக் குடும்பங்களுக்கும் கடலைத் திறந்துவிடும் இந்த ஏற்பாடு நல்லது, அது நீடிக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். ஆனால் அது படகை மட்டும் அளக்கிறது. ஓட்டப்போகிற ஆளையும் அன்றைய காற்றையும் அளப்பதில்லை. உரிமம் கேட்க வேண்டாம். முதல் முறை படகு எடுப்பவருக்குத் தண்ணீரில் வைத்து இரண்டு மணி நேரப் பயிற்சியைக் கட்டாயமாக்க வேண்டும். இன்றைக்குப் படகு கிளம்பலாமா என்ற முடிவையும் கடையிடம் விட்டுவிடக் கூடாது.

ஒரே கடலைச் சுற்றியுள்ள நாடுகள் எத்தனை குதிரைத்திறன் வரை உரிமம் வேண்டாம் என்கின்றன என்று பார்த்தாலே இந்த அளவுகோலின் பலவீனம் தெரியும். பிரான்சில் 6 குதிரைத்திறனைத் தாண்டினால் உரிமம் வேண்டும். எல்லையைக் கடந்து ஸ்பெயினின் போர்ட்போவுக்கு வந்தால் 15 வரை வேண்டாம். கிரேக்கத்தில் 30. இத்தாலியில் கரையிலிருந்து 6 கடல் மைலுக்குள் என்றால் 40 குதிரைத்திறன் வரை வேண்டாம். காற்றும் அலையும் இந்த எல்லைகளைப் பார்த்து மாறுவதில்லை. இந்த எண்களை அந்தந்த நாட்டின் படகு வணிகமும் பழக்கமும்தான் தீர்மானித்திருக்கின்றன என்று கருதவே இடமிருக்கிறது. தண்ணீரைப் பார்த்துச் சட்டம் எழுத முடியாது என்பதும் இல்லை. ஜெர்மனி 2012-இல் உரிமமின்றி ஓட்டும் வரம்பை 5-லிருந்து 15 குதிரைத்திறனாக உயர்த்தியபோது, ரைன் நதிக்கு மட்டும் பழைய 5-ஐ அப்படியே வைத்தது. அந்த நதியின் நீரோட்டமும் சரக்குக் கப்பல் நெரிசலும் வேறு என்பதை அந்தச் சட்டம் கணக்கில் எடுத்துக்கொண்டது.

இன்ஜின் வரம்பு பயனற்றது என்று சொல்ல மாட்டேன். வேகம் குறைந்தால் மோதலின் அடியும் குறையும். ஆனால் வாடகைப் படகுக்கு வரும் ஆபத்து பெரும்பாலும் வேகத்தால் வருவதில்லை. வேகம் போதாமல்தான் வருகிறது. மெனோர்காவில் வடக்கிலிருந்து அடிக்கும் காற்றுக்கு த்ரமுந்தானா என்று பெயர். அது அடிக்கும் நாளில் வடக்குக் கரையில் அலை பாறையில் மோதி உயரும். பார்த்தாலே யாருக்கும் படகு எடுக்கத் தோன்றாது. உரிமமில்லாப் படகுகள் வாடகைக்குக் கிடைக்கும் கலா கல்தானா போன்ற இடங்கள் உள்ள தெற்குக் கரை அன்று ஏரி போலக் கிடக்கும். தீவே காற்றுக்கு மறைப்பாக நிற்பதால் கரையோரத் தண்ணீரில் ஒரு சுருக்கம்கூட இருக்காது. அங்கே காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. கரையிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளிப் போனதும் மறைப்பு விலகுகிறது. காற்று முதுகில் தள்ளுகிறது. படகு சுகமாக ஓடுவதாகவே தோன்றுகிறது. திரும்பும்போதுதான் உண்மை தெரியும். நான்கைந்து பேர் உட்கார்ந்து, வெயிலுக்கு விரித்த துணிப்பந்தலோடு, சிறிய இன்ஜினை வைத்துக்கொண்டு எதிர்காற்றில் 2 கடல் மைல், அதாவது 3.7 கிலோமீட்டர், வர வேண்டும். இன்ஜின் நின்றுவிட்டால் தெற்கே அல்ஜீரியா வரை திறந்த கடல்தான். நம் கடலோரத்தில் வாடை, சோழகம், கொண்டல், கச்சான் என்று காற்றைப் பெயர் சொல்லி வளரும் மீனவப் பிள்ளைகளுக்குக் கரைக்காற்றின் இந்த ஏமாற்று சின்ன வயதிலேயே தெரிந்துவிடும். நேற்று விமானத்தில் வந்து இறங்கிய ஒருவருக்கு யாராவது சொன்னால்தான் தெரியும்.

படகை ஓட்டுவதும் கார் ஓட்டத் தெரிந்தவர் நினைப்பதுபோல் எளிதானதில்லை. கார் பழகிய கையே இங்கே தவறு செய்ய வைக்கிறது. படகுக்குப் பிரேக் கிடையாது. இன்ஜின் பின்னால் இருப்பதால் முன்பகுதியை இடப்பக்கம் திருப்பினால் பின்பகுதி வலப்பக்கம் வீசிப்போகும். துறைச்சுவரை ஒட்டி நிற்கும் படகை விலக்கப் போகும் புதியவர் பின்பக்கத்தைச் சுவரில் இடிப்பது இதனால்தான். விசையைக் குறைத்தால் திருப்பும் சக்தியும் குறைந்துவிடும்; பயந்துபோனவர் செய்யும் முதல் காரியம் விசையைக் குறைப்பதுதான். நங்கூரத்துக்கு ஆழத்தைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு கயிறு விட வேண்டும் என்பதும், அது மணலில்தான் பிடிக்க வேண்டும் என்பதும் கேட்டால் புரியும், ஒருமுறை செய்தால்தான் வரும். ஸ்பெயினில் மிதவை கட்டாத கடற்கரைகளில் 200 மீட்டருக்குள்ளும், மற்றக் கரையோரங்களில் 50 மீட்டருக்குள்ளும் 3 நாட் வேகத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி இருக்கிறது. அந்தத் தூரத்தைக் கண்ணால் மதிப்பிடுவதற்கே பழக்கம் வேண்டும்.

நங்கூரத்தைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். ஏனென்றால் அதனால் வரும் சேதம் ஓட்டுபவரோடு நிற்பதில்லை. மெனோர்கா உள்ளிட்ட பலேயாரிக் தீவுகளின் நீர் அவ்வளவு தெளிவாக இருப்பதற்கு முக்கியக் காரணம் பொசிடோனியா என்ற கடற்புல். அது ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் படரும். அதே தீவுக்கூட்டத்தின் இபிசாவையும் ஃபொர்மெந்தேராவையும் சூழ்ந்த இந்தப் புல்வெளிகள், 1999-இல் யுனெஸ்கோ இபிசாவை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததற்கான காரணங்களில் ஒன்று. நங்கூரம் பற்றிப் பெயர்த்த ஓர் இடம் மூடிக்கொள்ளப் பல பத்தாண்டுகள் ஆகலாம். 2018-இல் பலேயாரிக் அரசு இந்தப் புல்லின் மீது நங்கூரமிடுவதைத் தடை செய்தது. தடை சரிதான். ஆனால் படகிலிருந்து குனிந்து பார்க்கும்போது கீழே தெரியும் கருமை பாறையா, புல்லா, வெளிறியது மணலா என்று பிரித்தறிய யாரும் கற்றுக்கொடுக்காதபோது, தடையை எப்படிக் கடைப்பிடிப்பது? சட்டத்தை மீறும் எண்ணமே இல்லாத குடும்பம் ஒன்று நல்லெண்ணத்தோடே அதை மீறிவிட்டு வருகிறது.

நான் கேட்கும் பயிற்சி புதிய கற்பனை இல்லை. ஸ்பெயினிலேயே 'கடற்பயண உரிமம்' என்ற ஒன்று இருக்கிறது. 6 மீட்டர் வரையிலான படகுகளுக்கு அது போதும், தேர்வு கிடையாது. 2 மணி நேரம் பாடம், 4 மணி நேரம் தண்ணீரில் பயிற்சி, முடிந்தது. அதை வைத்திருப்பவரும் பகலில், 2 கடல் மைலுக்குள்தான் ஓட்டலாம். அதே கடல், அதே தூரம், அதே பகல். 6 மீட்டர் படகுக்கு ஆறு மணி நேரம் தேவை என்று கருதும் அரசு, 5 மீட்டர் படகுக்கு ஒரு நிமிடம்கூடத் தேவையில்லை என்று கருதுகிறது. ஒரு மீட்டரில் இவ்வளவு வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? ஜெர்மனியின் மெக்லென்பர்க் ஏரிகளில் வீட்டுப்படகு வாடகைக்கு எடுக்கும் விடுமுறைப் பயணிகளின் நிலையைப் பாருங்கள். அவர்களுக்கும் உரிமம் வேண்டாம். ஆனால் வாடகை நிறுவனம் குறைந்தது மூன்று மணி நேரம் சொல்லிக்கொடுத்து, அந்த ஒரு வாடகைக்கு மட்டும் செல்லுபடியாகும் சான்று தர வேண்டும். பிரான்சின் கால்வாய்களிலும் பயிற்சிக்குப் பின் தரும் தற்காலிக அட்டை வழக்கத்தில் இருக்கிறது. அலையே இல்லாத ஏரிக்கும் கால்வாய்க்கும் பாடம் உண்டு. திறந்த கடலுக்கு இல்லை. இதை நியாயப்படுத்தும் வாதம் ஒன்றைக்கூட நான் கண்டதில்லை.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் மிகவும் மதிக்கத்தக்கது, கடல் பணக்காரர்களுக்கு மட்டும் உரியதாகிவிடும் என்பது. உரிமம், தேர்வு, மருத்துவச் சான்று என்று அடுக்கினால் சொந்தப் படகு வைத்திருப்பவர்கள்தான் மிஞ்சுவார்கள். ஆண்டு முழுவதும் உழைத்து ஒரு வாரம் விடுப்பில் வரும் தொழிலாளியின் பிள்ளைகள் கரையில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். இந்தக் கவலை எனக்கும் உண்டு. அதனால்தான் உரிமம் கேட்கவில்லை. இரண்டு மணி நேரப் பயிற்சிக்கு ஓர் அட்டை கொடுத்து, அது ஐந்து ஆண்டுகளுக்கு எந்தக் கடையிலும் செல்லும் என்று வைத்தால் செலவு ஒரே ஒருமுறைதான். ஒரே பயிற்றுநர் இரண்டு மூன்று குடும்பங்களைச் சேர்த்துக் கூட்டிப் போகலாம். பயிற்சி நேரமும் கடலில் கழியும் நேரம்தான். எரிபொருளுக்கும் முன்பணத்துக்கும் கொடுப்பதோடு ஒப்பிட்டால் இது யாரையும் விலக்கிவிடும் தொகையாக இருக்காது. உண்மையில் ஏழைக் குடும்பத்தையே அதிகம் பாதிப்பது விபத்துக்குப் பிறகு வரும் பழுதுச் செலவுதான். புரொப்பெல்லர் பாறையில் பட்டு உடைந்தால் முன்பணம் திரும்பி வராது.

பெரிய விபத்துகள் அரிதுதானே என்று இன்னொரு கேள்வி வரும். உயிர்ச்சேதத்தை மட்டும் எண்ணினால் அப்படிச் சொல்லலாம். ஆனால் கடலில் கைவிடப்பட்டு நிற்கும் படகைக் கட்டி இழுத்து வரும் மீட்புப் பணியும், சுழலும் புரொப்பெல்லருக்கு அருகே நீந்திக்கொண்டிருப்பவரின் ஆபத்தும், பெயர்ந்துபோன கடற்புல்லும் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. தன் உயிரை வைத்து ஒருவர் என்ன செய்தாலும் அது அவர் பாடு என்போர் இந்த நீந்துபவரை மறந்துவிடுகிறார்கள். அவர் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடவில்லை.

பயிற்சி பெற்றவர்களும்தான் தவறு செய்கிறார்கள் என்பது உண்மை. அந்த உண்மை என் பக்கமே பேசுகிறது. 2013 மே மாதம் இங்கிலாந்தின் கார்ன்வாலில், பாட்ஸ்டோவுக்கு அருகே, ஒரு குடும்பம் தன் சொந்த வேகப்படகிலிருந்து தூக்கி எறியப்பட்டது. ஆளில்லாத படகு வட்டமடித்து வந்து தண்ணீரில் கிடந்தவர்கள் மேலேயே ஏறியது. இருவர் இறந்தார்கள். ஓட்டுபவர் விழுந்தால் இன்ஜினை நிறுத்திவிடும் சுருள்கயிறு படகில் இருந்தது. அது உடம்பில் மாட்டப்படவில்லை என்று விசாரணை கண்டது. அந்தக் கயிற்றைப் பற்றித் தெரிந்திருப்பது வேறு, கை தானாக அதை மாட்டுவது வேறு. அந்தக் கைப்பழக்கத்தைக் கரையில் நின்று ஒரு காகிதத்தைக் காட்டி உண்டாக்க முடியாது. தேர்ந்த படகோட்டி இருந்தால் மட்டும் போதும் என்றும் நம்மால் சொல்ல முடியாது. 2011-இல் கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் மீன்பிடிப் படகில் உல்லாசமாகப் போனவர்களில் 22 பேர் மூழ்கி இறந்ததை நாம் மறக்கவில்லை. எத்தனை பேரை ஏற்றுவது, எப்போது கிளம்புவது என்று பணம் வாங்குபவரே முடிவு செய்யும் இடத்தில் திறமையும் தோற்றுப்போகும்.

ஆகவே இரண்டாவது கோரிக்கை முதலாவதைவிட முக்கியம் என்று நினைக்கிறேன். சில மாதப் பருவத்தில் ஆண்டு வருமானத்தைச் சம்பாதித்தாக வேண்டிய கடைக்காரர், நீலவானமும் அமைதியான கரையும் உள்ள ஒரு நாளில் காற்று திரும்பப்போகிறது என்று சொல்லி வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். பலர் அதையும் செய்கிறார்கள். அவர்களுடைய நேர்மையை மதிக்கிறேன். ஆனால் ஒருவர் மறுத்தால் அடுத்த கடை கொடுத்துவிடும் என்ற நிலையில் நேர்மையானவருக்குத்தான் நட்டம். துறைமுக நிர்வாகம் காலையில், வானிலைத் துறையின் கணிப்பை வைத்து, இன்று உரிமமில்லாப் படகு இல்லை என்று அறிவித்தால் எல்லாக் கடைகளும் ஒன்றாக நிற்கும். ஸ்பெயினின் வானிலைத் துறை மெனோர்காவுக்கு இதைவிட நுட்பமான எச்சரிக்கைகளையே தருகிறது. அங்குள்ள சியுதடேயா துறைமுகத்தில் காற்றழுத்த மாற்றத்தால் தண்ணீர் திடீரென வற்றி, சில நிமிடங்களில் பெருகித் திரும்பும் 'ரிசாகா' என்ற நிகழ்வு உண்டு. 2006 ஜூன் 15 அன்று அது 4 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கி, கட்டியிருந்த பல பத்துப் படகுகளை நாசம் செய்தது. அப்படியொரு நிகழ்வுக்கே முன்னறிவிப்பு தர முடிகிற இடத்தில், வடகாற்றுக்கு ஒரு சிவப்புக் கொடி ஏற்றுவது முடியாத காரியமா?

பாரிசிலும் லண்டனிலும் சூரிக்கிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் விடுமுறைக்கு இந்தக் கரைகளுக்குப் போகின்றன. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் போகிறவர்கள் இருக்கிறார்கள். சட்டம் மாறும் வரை அவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பணம் கட்டும் முன், கடைக்காரர் தாமும் படகில் ஏறி வந்து, நிறுத்துவதையும் பின்னெடுப்பதையும் நங்கூரமிடுவதையும் உங்கள் கையால் ஒருமுறை செய்ய வைக்கக் கேளுங்கள். கூடுதலாக எவ்வளவு என்று கேட்டுக் கொடுத்துவிடுங்கள். இன்று மதியத்துக்குப் பிறகு காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று கேளுங்கள். முதலில் காற்றுக்கு எதிராகப் போய், திரும்பும்போது அது தள்ளிவரும்படி பாதையை அமைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட்டைக் கரையிலேயே மாட்டிவிடுங்கள். உதவிக்கு ஸ்பெயின் கடல்மீட்புப் பணியின் 900 202 202 என்ற எண்ணைக் கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். இதற்கெல்லாம் நேரமில்லை என்று சொல்லும் கடையில் படகு எடுக்காதீர்கள்.