ராஜாவுக்குப் பொறந்த நாள், சேரிக்கு என்ன நாள்?

ஐப்பசி சதயம் வந்தால் தஞ்சை மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. முதலாம் ராஜராஜன் பிறந்த நட்சத்திரமாம். 2022-இல் தமிழக அரசு அதை அரசு விழாவாகவே அறிவித்துவிட்டது. மன்னராட்சி ஒழிந்து இத்தனை காலமாச்சு, மன்னன் பொறந்த நாளுக்குக் குடியரசு லீவு விடுகிறது.

2019-இல் திருப்பனந்தாளில் இயக்குநர் பா. ரஞ்சித், அவன் காலத்தில்தான் நம் நிலம் பறிபோனது என்று பேசினார். வழக்குப் போட்டார்கள். நிலக் கணக்கை விவாதிக்கலாம். பெரிய கோயில் கல்வெட்டு மேல் யார் வழக்குப் போடுவது? வரியில்லா நிலங்களைச் சொல்லும்போது பறைச்சேரி, தீண்டாச்சேரி, பறைச்சுடுகாடு என்று அதுவே அடுக்குகிறது. செத்தவனுக்கும் தனி இடம். 'அந்தக் காலம் அப்படித்தான்' என்பார்கள். சரி, அப்படிப்பட்ட காலத்துக்கு இன்னிக்கு எதுக்கு மாலை?

எங்க கனகசெட்டிக்குளத்துக்குத் தெற்கே, புதுச்சேரிக் கடற்கரையில் ஜூலை 14 கொண்டாடுகிறார்கள். 1789-இல் பாரீஸ் ஜனங்கள் ராஜாவின் பஸ்தீய் சிறையை உடைத்த நாள். பிரெஞ்சுக்காரன் நம்ம சேரிக்கு விடுதலை தந்துவிடவில்லை. ஆனாலும் ராஜா பிறந்ததைக் கொண்டாடுவது வேறு, ராஜாவின் கோட்டை விழுந்ததைக் கொண்டாடுவது வேறு.

தோழர்களே, அடுத்த சதயத்தன்று பெரிய கோயில் வாசலில் நின்று அந்தக் கல்வெட்டை வரி விடாமல் உரக்க வாசிப்போம். மாலை போட வருகிறவர்கள் கேட்டுவிட்டுப் போடட்டும்.