வீட்டு எண்ணிக்கையும் சொத்து வரியும்: நியூ ஜெர்சி நகராட்சிகள் எதிர்கொள்ளும் கேள்வி

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள நகராட்சிகளுக்கு 2024 அக்டோபரில் ஒரு பட்டியல் வந்து சேர்ந்தது. 2025 முதல் 2035 வரையிலான பத்தாண்டுகளில், குறைந்த வருமானம் உள்ளவர்களும் மிதமான வருமானம் உள்ளவர்களும் குடியிருக்கக்கூடிய எத்தனை வீடுகளுக்கு ஒவ்வோர் ஊரும் வழிசெய்ய வேண்டும் என்பதை மாநில அரசின் சமூக விவகாரத் துறை அதில் கணக்கிட்டிருந்தது.

மாநிலம் முழுவதற்குமாகப் புதிய வீடுகள் 84,698 தேவை என்றும், பழுதுபட்ட பழைய வீடுகள் 65,410 சீரமைக்கப்பட வேண்டும் என்றும் அத்துறை மதிப்பிட்டது. வறுமை மிகுந்த பழைய நகரங்களுக்குச் சீரமைப்புக் கடமை மட்டுமே உண்டு. புதிய வீடுகளுக்கான பொறுப்பு பெரும்பாலும் வசதியான புறநகர்களின் மீது விழுகிறது.

எடிசன், சவுத் பிரன்ஸ்விக், வெஸ்ட் விண்ட்சர் போன்ற, தமிழ்க் குடும்பங்கள் உள்ளிட்ட இந்தியர்கள் பெருமளவில் வாழும் ஊர்களையும் இந்தக் கணக்கு விட்டுவைக்கவில்லை. அங்கே சொந்த வீடு வாங்கியிருக்கும் தமிழர்களுக்கு இது வரி பற்றிய கேள்வி. வாடகைக்கு வீடு தேடும் தமிழர்களுக்கு இது இடம் பற்றிய கேள்வி. ஒரே குடும்பத்துக்குள் இவ்விரண்டு கேள்விகளும் எழுவதும் உண்டு.

வரியில் இருந்து தொடங்கும் தயக்கம்

இந்தியாவில் 1992ஆம் ஆண்டின் 73ஆவது, 74ஆவது அரசியல் சட்டத் திருத்தங்களுக்குப் பிறகு ஊராட்சிகளும் நகராட்சிகளும் அரசியல் சாசன அங்கீகாரம் பெற்றன. அவற்றுக்கான நிதிப் பகிர்வைப் பரிந்துரைக்க மாநில நிதி ஆணையங்கள் அமைக்கப்படுகின்றன. அமெரிக்க அரசியல் சாசனத்திலோ உள்ளாட்சி என்ற பேச்சே இல்லை. அங்கே நகராட்சிகள் மாநிலச் சட்டங்களால் உருவானவை. மாநிலம் தந்த அதிகாரத்தை மாநிலமே திரும்பப் பெறவும் முடியும்.

எனினும் பணத்தைப் பொறுத்தவரை அவை பெரிதும் தம் சொந்தக் காலில் நிற்கின்றன. நியூ ஜெர்சியில் 564 நகராட்சிகள் இருக்கின்றன. பள்ளிகளை நடத்துவதற்கெனத் தனிப் பள்ளி மாவட்டங்களும் உண்டு. இவற்றின் முதன்மையான வருவாய் வீடுகள் மீதும் கட்டடங்கள் மீதும் விதிக்கப்படும் சொத்து வரியே. அமெரிக்காவிலேயே சொத்து வரிச் சுமை மிக அதிகமாக உள்ள மாநிலம் இதுதான். 2024இல் ஒரு குடும்பம் செலுத்திய சராசரி வரி ஆண்டுக்கு 10,000 டாலரைத் தாண்டியது. அதில் ஏறத்தாழப் பாதி பள்ளிகளுக்குச் செல்கிறது.

இந்த அமைப்பு நகர மன்றங்களுக்கு ஒரு கணக்கைக் கற்றுக்கொடுத்திருக்கிறது. பெரிய மனையில் ஒரே ஒரு விலையுயர்ந்த வீடு இருந்தால் வரி அதிகம், பள்ளிக்கு வரும் பிள்ளைகள் குறைவு. அடுக்குமாடிக் குடியிருப்பில் மலிவான வீடுகள் வந்தால் வரி குறைவு, பிள்ளைகள் அதிகம். போதாக்குறைக்கு, சொத்து வரி வசூலை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் உயர்த்துவதை 2010ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலும் தடுக்கிறது.

எனவே எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்ற நில வகைப்பாட்டு விதிகளைக் கொண்டே யார் ஊருக்குள் வரலாம், யார் வரக்கூடாது என்பதை நகராட்சிகளால் தீர்மானிக்க முடிந்தது. குறிப்பிட்ட இனத்தவருக்கு இடமில்லை என்று எந்த விதியிலும் எழுத வேண்டியிருக்கவில்லை. ஒரு மனையின் குறைந்தபட்சப் பரப்பைக் கூட்டி எழுதினாலே போதுமானதாக இருந்தது.

மவுண்ட் லாரல் வழக்கு

இந்த நடைமுறைக்கு எதிரான போராட்டம் தென் நியூ ஜெர்சியில் உள்ள மவுண்ட் லாரல் என்ற ஊரில் தொடங்கியது. பல தலைமுறைகளாக அங்கே வாழ்ந்துவந்த கறுப்பினக் குடும்பங்கள், தங்கள் பிள்ளைகள் அதே ஊரில் தொடர்ந்து வசிப்பதற்காக 36 அடுக்கக வீடுகளைக் கட்ட அனுமதி கோரின. ஊர் நிர்வாகம் மறுத்தது. செலவைத் தாங்க இயலாதவர்கள் ஊரை விட்டுப் போக வேண்டியதுதான் என்ற தொனியில் அன்றைய மேயர் 1970இல் பதிலளித்ததாகப் பதிவாகியுள்ளது.

எத்தல் லாரன்ஸ் என்ற பெண்மணி முன்னின்று நடத்திய வழக்கில், நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 1975ஆம் ஆண்டு மார்ச் மாதம் தீர்ப்பளித்தது. வளர்ந்துவரும் ஒவ்வொரு நகராட்சியும் தன் வட்டாரத்தின் வீட்டுத் தேவையில் நியாயமான பங்கை ஏற்க வேண்டும் என்றது அத்தீர்ப்பு.

ஆனால் நகராட்சிகள் அசையவில்லை. எட்டு ஆண்டுகள் கழித்து, தலைமை நீதிபதி ராபர்ட் விலென்ட்ஸ் எழுதிய இரண்டாம் தீர்ப்பு நிலைமையை மாற்றியது. கடமையைச் செய்யாத ஊரில், மலிவு வீடுகளையும் சேர்த்துக் கட்ட முன்வரும் கட்டுமான நிறுவனம் நேரடியாக நீதிமன்றத்தை அணுகி அனுமதி பெறலாம் என்று அது கூறியது. இத்தகைய திட்டங்களில் பொதுவாக ஐந்தில் ஒரு வீடு மலிவு வீடாகவும், ஏனையவை சந்தை விலைக்கும் இருக்கும். நல்லெண்ணத்தால் நடக்காத வேலையை, நில அதிகாரம் பறிபோகும் என்ற அச்சம் நடத்திக் காட்டியது.

இந்த வரலாற்றில் இந்தியக் குடும்பங்கள் பலவும் அறியாத ஓர் அம்சம் இருக்கிறது. இவ்வாறு திறக்கப்பட்ட நிலங்களில் மலிவு வீடுகளோடு சேர்ந்து வந்தவை, சந்தை விலைத் தொடர்வீடுகளும் அடுக்ககங்களும். வெஸ்ட் விண்ட்சரிலேயே இத்தகைய ஒரு வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2002இல் கட்டுமான நிறுவனத்துக்குச் சாதகமாக முடிந்தது. புதிதாக வந்த தொழில்நுட்பப் பணியாளர் குடும்பங்கள் இத்தகைய ஊர்களில் காலூன்ற இந்தத் தீர்ப்புகளும் மறைமுகமாக உதவின என்று கருத இடமிருக்கிறது.

பணம் கொடுத்து விலகும் வழி

நீதிமன்றத்தின் அழுத்தத்தைத் தணிக்க, மாநில சட்டமன்றம் 1985இல் நியாயமான வீட்டு வசதிச் சட்டத்தை இயற்றியது. கடமையை அளவிட மாநில அளவில் ஒரு மன்றம் அமைக்கப்பட்டது. அதே சட்டத்தில் ஒரு கதவும் திறந்து வைக்கப்பட்டது. ஒரு புறநகர் தன் பங்கில் பாதி வரையிலான வீடுகளை வேறொரு நகராட்சிக்கு மாற்றிவிடலாம், அதற்கு ஈடாகப் பணம் கொடுத்தால் போதும்.

நிதி நெருக்கடியில் இருந்த பழைய நகரங்களுக்கு அந்தப் பணம் தேவைப்பட்டது. புறநகர்களுக்கோ புதியவர்கள் வராமல் இருப்பது தேவைப்பட்டது. இரு தரப்பும் மனமொப்பிச் செய்துகொண்ட இந்த ஏற்பாட்டில், நல்ல பள்ளிகளும் வேலைவாய்ப்புகளும் உள்ள ஊரில் குடியேறும் வாய்ப்பை இழந்தவர்கள் ஏழைக் குடும்பங்களே. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்த இந்த வழி 2008இல்தான் சட்டத்தின் மூலம் மூடப்பட்டது.

பின்னர் வந்த விதிமுறைகள் மீண்டும் வழக்குகளில் சிக்கின. மன்றம் செயலிழந்த நிலையில், 2015இல் மாநில உச்ச நீதிமன்றம் பொறுப்பைக் கீழ் நீதிமன்றங்களிடம் ஒப்படைத்தது. 2024 மார்ச்சில் அப்போதைய ஆளுநர் பில் மர்ஃபி கையெழுத்திட்ட சட்டம் பழைய மன்றத்தை முறைப்படி கலைத்து, இப்போதைய நடைமுறையை உருவாக்கியது.

இதன்படி நகராட்சிகள் 2025 ஜனவரி இறுதிக்குள் தம் எண்ணிக்கையை அறிவிக்கவும், ஜூன் இறுதிக்குள் திட்டத்தை ஏற்கவும், 2026 மார்ச் நடுப்பகுதிக்குள் விதிகளைத் திருத்தவும் கெடு வைக்கப்பட்டது. உரிய காலத்தில் செய்யும் ஊருக்கு வழக்குகளில் இருந்து பாதுகாப்பு கிடைக்கும். வீடுகளை நகராட்சியே கட்ட வேண்டும் என்று சட்டம் கூறவில்லை. கட்டுவதற்கு இடம் தரும் விதிகளையே அது கேட்கிறது.

முதியோருக்கான வீடுகளாகவே கட்டி எண்ணிக்கையை நிரப்பிவிடவும் முடியாது. அத்தகையவற்றுக்கு 30 சதவீத உச்சவரம்பு உண்டு. முதியோர் வீடுகளில் இருந்து பிள்ளைகள் பள்ளிக்கு வரமாட்டார்கள் என்ற வரிக் கணக்கை அறிந்தே சட்டம் இவ்வாறு எழுதப்பட்டுள்ளது.

எதிர்ப்பும் சான்றும்

மாண்ட்வேல் தலைமையில் சில நகராட்சிகள் இச்சட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. சட்டத்தை நிறுத்திவைக்கும் கோரிக்கையை 2025 ஜனவரியில் நீதிபதி நிராகரித்தார்.

எதிர்ப்பாளர்களின் வாதங்கள் அனைத்தையும் பாகுபாடு என்று ஒதுக்கிவிட முடியாது. வெள்ளம் தேங்கும் நிலங்கள், நெரிசலான சாலைகள், நிரம்பி வழியும் வகுப்பறைகள் ஆகியவை உண்மையான சிக்கல்கள். எத்தனை வீடுகள் என்று உத்தரவிடும் மாநில அரசு, அவற்றால் வரும் செலவுக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானதே.

ஆனால் வரி உயரும், வீட்டு விலை சரியும், குற்றம் பெருகும் என்ற அச்சங்களுக்குச் சான்று குறைவு. வழக்கு தொடங்கி ஏறத்தாழ மூன்று பத்தாண்டுகளுக்குப் பின், எத்தல் லாரன்ஸின் பெயரால் மவுண்ட் லாரலில் 140 மலிவு வீடுகள் எழுந்தன. அவரோ 1994இலேயே காலமாகியிருந்தார். அந்தக் குடியிருப்பைப் பக்கத்து ஊர்களோடு ஒப்பிட்டு, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் டக்ளஸ் மாஸியும் அவரது குழுவினரும் ஆராய்ந்தனர். 2013இல் வெளியான அவர்களது நூல், மேற்கண்ட மூன்று அச்சங்களும் மெய்ப்படவில்லை என்று பதிவுசெய்தது.

வேறு மாநிலங்களில் வேறு வழிகள்

தமிழர்கள் அதிகமாக வாழும் மற்ற இரு பகுதிகளிலும் இதே இழுபறி வேறு வடிவங்களில் நடக்கிறது.

கலிஃபோர்னியாவில் 1978ஆம் ஆண்டின் 13ஆவது முன்மொழிவு, சொத்து வரியை வீடு வாங்கிய விலையோடு பிணைத்து, ஆண்டு மதிப்பு உயர்வை 2 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியது. இதனால் ஃபிரிமாண்டிலோ சன்னிவேலிலோ அண்மையில் வீடு வாங்கிய குடும்பம், பல்லாண்டுகளாக அங்கிருக்கும் அண்டை வீட்டாரைவிடப் பன்மடங்கு வரி செலுத்த நேர்கிறது. 2023 முதல் 2031 வரையிலான காலத்துக்குச் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிக்கு மாநிலம் 441,176 வீடுகளை இலக்காக விதித்தது. குப்பர்ட்டினோ நகரம் உரிய கெடுவைத் தவறவிட்டு, 2024இல்தான் தன் திட்டத்துக்கு மாநில ஒப்புதலைப் பெற்றது. இடைப்பட்ட காலத்தில், திட்டங்களை நிராகரிக்கும் அதன் அதிகாரம் பெரிதும் சுருங்கியது.

டெக்சஸின் பாதை மாறுபட்டது. தனியார் கட்டும் வீடுகளின் விற்பனை விலைக்கு நகரங்கள் உச்சவரம்பு விதிப்பதை அம்மாநிலம் 2005இல் பொதுவாகத் தடை செய்தது. இருபது ஆண்டுகளுக்குப் பின், 2025இல், பெரிய நகரங்களின் வணிக நிலங்களில் அடுக்ககங்கள் கட்டுவதை அனுமதிக்கச் சட்டம் இயற்றியது. பள்ளி நிதியில் மட்டும் அது சமன்பாட்டை நாடியது. 1989ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றைத் தொடர்ந்து, வளமான பள்ளி மாவட்டங்களின் வரியில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும் முறை 1993இல் வந்தது.

எண்ணப்படுபவர்கள், வாக்கில்லாதவர்கள்

வாஷிங்டனில் உள்ள மத்திய அரசும் 1974 முதல் நகரங்களுக்குச் சமூக மேம்பாட்டு நிதி வழங்கிவருகிறது. அதில் குறைந்தது 70 சதவீதம் குறைந்த, மிதமான வருமானம் உள்ளோருக்குப் பயன்பட வேண்டும். பொதுமக்களின் கருத்தையும் கூட்டம் நடத்திக் கேட்க வேண்டும். ஆனால் வாஷிங்டனின் நிபந்தனைகள் ஆட்சிக்கு ஆட்சி மாறுகின்றன. நிதி பெறும் நகரங்கள் குடியிருப்புப் பாகுபாட்டைக் களைய முனைய வேண்டும் என்ற 2015ஆம் ஆண்டு விதி 2020இல் நீக்கப்பட்டு, 2021இல் ஓரளவு மீட்கப்பட்டு, 2025இல் மீண்டும் கைவிடப்பட்டது. ஆங்கிலம் போதிய அளவு அறியாதோருக்கு மொழி உதவி வழங்கக் கோரிய 2000ஆம் ஆண்டின் அதிபர் ஆணையும் 2025 மார்ச்சில் விலக்கிக்கொள்ளப்பட்டது.

இத்தகைய நிதியின் அளவைத் தீர்மானிக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடியுரிமை இல்லாதவர்களும் எண்ணப்படுகிறார்கள். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்குத் தமிழிலும் வழிகாட்டிக் கையேடு வெளியிடப்பட்டது. பணி விசாவிலும் நிரந்தரக் குடியுரிமை அட்டைக்கான நீண்ட வரிசையிலும் இருக்கும் தமிழர்கள் ஊரின் நிதியைப் பெருக்குகிறார்கள், வரியும் செலுத்துகிறார்கள். ஆனால் நகர மன்றத்துக்கோ பள்ளி வாரியத்துக்கோ நியூ ஜெர்சியில் அவர்களால் வாக்களிக்க முடியாது.

அவர்களுக்கு மிஞ்சியிருப்பது கூட்டத்தில் பேசும் உரிமை. நியூ ஜெர்சியின் திறந்த பொதுக்கூட்டச் சட்டப்படி, நகர மன்றங்களும் பள்ளி வாரியங்களும் தம் கூட்டங்களில் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்கியாக வேண்டும். அங்கே எழுந்து பேசுவதற்கு வாக்காளர் அட்டை தேவையில்லை.

அந்தக் கூட்டங்களுக்கு வருபவர்களில் பெரும்பாலோர், ஏற்கனவே வீடு உள்ள, வரியைப் பற்றிக் கவலைப்படும் நீண்டகால வாசிகள் என்பது அமெரிக்க உள்ளாட்சிகளில் பரவலாகக் காணப்படும் நிலை. இன்னும் கட்டப்படாத வீட்டில் குடியேறப்போகிறவர் அந்தக் கூட்டத்தில் இருக்க வாய்ப்பில்லை.

நியூ ஜெர்சியின் ஐம்பது ஆண்டு அனுபவம் காட்டுவது, உள்ளாட்சிகள் தாமாக முன்வந்து கதவைத் திறப்பது அரிது என்பதைத்தான். நிதியோ அதிகாரமோ அந்தக் கடமையோடு பிணைக்கப்பட்டபோதே அது நடந்திருக்கிறது. இந்தப் பிணைப்பு தொடர்ந்து நிலைக்குமா என்பது, வரும் பத்தாண்டுகளில் வீட்டு உரிமையாளர்கள் என்ன கேட்கிறார்கள் என்பதையும் பொறுத்திருக்கும். அந்த உரிமையாளர்களின் வரிசையில், ஒரு தலைமுறைக்கு முன் வாடகை வீடு தேடி வந்து சேர்ந்த தமிழர்களும் இப்போது இருக்கிறார்கள்.