மாட்டுக்கு லாடம், நாய்க்கு?

தார் ரோட்டில் வண்டி இழுக்கும் மாட்டுக்கு லாடம் அடிப்பார்கள். லாரிக்குப் பேர் போன நாமக்கல்லில் டயரைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வண்டி எடுப்பார்கள். ஆனால் நாயை மட்டும் பைக்கில் கட்டி, தார் ரோட்டில் ஓட விடுபவர்கள் உண்டு. கேட்டால் 'எக்சர்சைஸ்' என்பார்கள்!

நாயின் பாதத்தில் இருப்பது மெத்தை மாதிரி தடித்த தோல். அது தேயும், கிழியும், சுட்டால் கொப்பளிக்கும். ஏப்ரல், மே மாதங்களில் சேலத்து வெயில் 40 டிகிரியை ஒட்டிப் போகும்போது, தார் ரோடு 60 டிகிரியைக்கூடத் தொடும். செருப்பு போட்ட காலுக்கு அது தெரியாது.

ராஜபாளையம், சிப்பிப்பாறை எல்லாம் வேட்டைக்கு ஓடிய நாய்கள்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அவை ஓடியது மண்ணில், தாரில் அல்ல. பைக்கில் கட்டிய நாய் நினைத்த இடத்தில் நிற்கவும் முடியாது. கால் கிழிந்தாலும் ஓடியே ஆக வேண்டும்.

அப்படியென்றால் என்ன செய்யலாம்? புறங்கையை ரோட்டில் 7 நொடி வைத்துப் பாருங்கள். சுட்டால் நாய்க்கும் வேண்டாம். விடிகாலையில் மண் பாதையில் ஓட விடுங்கள். சாயங்காலம் வெயில் இறங்கினாலும் தாரின் சூடு உடனே இறங்காது. வீடு திரும்பியதும் பாதத்தைக் கழுவி, விரல் இடுக்கில் கல், முள், காயம் இருக்கிறதா என்று பாருங்கள். நொண்டினாலோ, ஒரே காலை நக்கிக்கொண்டே இருந்தாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

இதெல்லாம் அதிகம் என்று நினைப்பவர்கள், மே மாத மதியத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பத்தடி நடந்து பார்க்கட்டும். அப்புறம் பேசலாம்.