மேஜிக்கா, கோபியா? லேக்கர்ஸ் வரலாற்றின் நம்பர் 1 வீரர் யார்? முடியாத பஞ்சாயத்தும் அதன் பின்னணியும்!

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீகில் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணிக்கு 2025-ம் ஆண்டு சாதாரண ஆண்டு இல்லை. பிப்ரவரியில் யாருமே எதிர்பார்க்காத ஒரு டிரேடில் லூகா டோன்சிச் அணிக்குள் வந்தார். ஜூனில் அதைவிடப் பெரிய செய்தி. 1979-லிருந்து அணியைக் கையில் வைத்திருந்த பஸ் குடும்பம், பெரும்பான்மைப் பங்கை மார்க் வால்டரிடம் விற்க ஒப்புக்கொண்டது. அணியின் மதிப்பு சுமார் 1,000 கோடி டாலர் எனக் கணக்கிடப்பட்டது.

ஒரு சகாப்தம் முடியும்போது ரசிகர்கள் முதலில் கையில் எடுப்பது பழைய கணக்கைத்தான். இத்தனை வருஷத்தில் இந்த ஜெர்ஸியைப் போட்டவர்களில் பெரிய ஆள் யாரு? கோபி பிரயண்ட்டா, மேஜிக் ஜான்சனா? லெப்ரான் ஜேம்ஸை எங்கே வைப்பது? இந்தக் கேள்விகளுக்கு ஏன் ஒரே பதில் கிடைப்பதில்லை? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் ஒரு சின்ன ஃபிளாஷ்பேக்

லேக்கர்ஸ் பிறந்தது லாஸ் ஏஞ்சலிஸில் இல்லை. 1947-ல் மினியாபொலிஸ் நகரத்தில் தொடங்கிய அணி இது. மினசோட்டா மாநிலத்துக்கு 'பத்தாயிரம் ஏரிகளின் நாடு' என்று பட்டப்பெயர். 'லேக்' என்றால் ஏரி, அதிலிருந்து வந்ததுதான் லேக்கர்ஸ். 1960-ல் அணி லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபெயர்ந்தது. பெயரும் கூடவே வந்துவிட்டது.

இதுவரை 17 சாம்பியன் பட்டங்கள். அதில் 5 மினியாபொலிஸ் காலத்தவை, 12 லாஸ் ஏஞ்சலிஸ் காலத்தவை. பரம எதிரியான பாஸ்டன் செல்டிக்ஸ் 18 பட்டங்களோடு ஒரு படி முன்னால் நிற்கிறது.

எதை வைத்து ரேங்க் போடுவது?

இங்கேதான் சிக்கலே. பட்டங்களை மட்டும் எண்ணினால், ஒரு பட்டமும் வெல்லாத எல்ஜின் பெய்லர் பட்டியலிலேயே வரமாட்டார். விருதுகளை மட்டும் எண்ணினால், ஜார்ஜ் மைக்கன் காணாமல் போய்விடுவார். காரணம், லீகின் எம்விபி விருது 1955-56 சீசனில்தான் தொடங்கியது. ஃபைனல்ஸ் எம்விபி விருது வந்தது 1969-ல். மூன்று புள்ளிக் கோடு வந்தது 1979-80 சீசனில். பிளாக், ஸ்டீல் இரண்டையும் என்பிஏ அதிகாரபூர்வமாகக் குறிக்க ஆரம்பித்ததே 1973-74 சீசனிலிருந்துதான்.

அதாவது, வேறு வேறு காலத்து ஆட்டக்காரர்களை ஒரே அளவுகோலால் அளந்தால் பழையவர்களுக்கு அநியாயம் நடக்கும். அதனால் இந்தப் பட்டியலுக்கு மூன்று விதிகள்:

1. லேக்கர்ஸ் ஜெர்ஸியில் செய்தது மட்டுமே கணக்கு. வேறு அணியில் செய்த சாதனை சேராது.
2. பட்டம் எத்தனை என்பதோடு, அதில் அந்த வீரரின் பங்கு என்ன என்பதும் முக்கியம்.
3. ஒவ்வொருவரையும் அவரவர் காலத்தோடு வைத்தே பார்க்க வேண்டும்.

முதல் விதியாலேயே ஒரு பெரிய தலை வெளியே போகிறது. வில்ட் சேம்பர்லின் 1972 பட்டத்தையும் அந்த ஆண்டின் ஃபைனல்ஸ் எம்விபி விருதையும் லேக்கர்ஸுக்காக வென்றவர். ஆனால் இங்கே ஆடியது 5 சீசன்கள்தான். அவருடைய பிரமாண்ட சாதனைகளில் பெரும்பாலானவை வேறு ஜெர்ஸியில் நடந்தவை.

8. லெப்ரான் ஜேம்ஸ்

'என்னது, லெப்ரான் எட்டாவதா?' என்று கேட்பவர்கள் முதல் விதியை மறுபடி படிக்கவும். மொத்த கரியரில் 4 பட்டங்கள் வென்ற லெப்ரான், 2018-ல் லேக்கர்ஸில் சேர்ந்த பிறகு வென்றது ஒன்று. கொரோனா காலத்தில் ஆர்லாண்டோவில் ரசிகர்கள் இல்லாமல் நடந்த 2020 தொடர் அது. ஃபைனல்ஸ் எம்விபியும் அவரே. மூன்று வெவ்வேறு அணிகளுக்காக அந்த விருதை வென்ற முதல் வீரர் ஆனார்.

2023 பிப்ரவரி 7 அன்று கரீம் அப்துல் ஜபாரின் 38,387 புள்ளிகள் என்ற சாதனையை லேக்கர்ஸ் ஜெர்ஸியில்தான் உடைத்தார். அந்தப் புள்ளிகளில் பெரும்பகுதி கிளீவ்லேண்டிலும் மயாமியிலும் எடுத்தவை என்பதுதான் சிக்கல். உலக அளவில் பட்டியல் போட்டால் இவரை முதல் இரண்டு இடத்துக்குள் வைப்பவர்கள் ஏராளம். லேக்கர்ஸ் பட்டியல் வேறு கணக்கு.

7. ஜார்ஜ் மைக்கன்

6 அடி 10 அங்குல உயரம், கண்ணாடி அணிந்த சென்டர். என்பிஏ தன் வரலாற்றில் சேர்த்துக்கொள்ளும் பட்டங்களில் 5-ஐ லேக்கர்ஸுக்குக் கொடுத்தவர். இவரைத் தடுக்க முடியாமல் 1951-ல் கூடைக்கு முன்னால் இருக்கும் பகுதியின் அகலத்தையே லீக் 6 அடியிலிருந்து 12 அடியாக்கியது. 1950 நவம்பரில் ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ் அணி, மைக்கனிடம் பந்து போகக்கூடாது என்பதற்காகவே பந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தியது. ஸ்கோர் 19-18. என்பிஏ வரலாற்றில் மிகக் குறைந்த ஸ்கோர் இன்றைக்கும் இதுதான். இப்படிப்பட்ட ஆட்டங்களுக்கு முடிவு கட்டத்தான் 1954-ல் 24 விநாடி ஷாட் கிளாக் வந்தது.

ஒரு ஆளுக்காக ஆட்டத்தின் விதியே மாறியது என்றால் சும்மாவா? இருந்தும் அவரது 99-ம் எண் ஜெர்ஸிக்கு அணி ஓய்வு கொடுத்தது 2022-ல். அதற்குள் அவர் இறந்து 17 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தக் கால லீக் மிகச் சிறியது, போட்டியும் குறைவு என்பதால் மட்டுமே 7-வது இடம்.

6. எல்ஜின் பெய்லர்

8 முறை ஃபைனல்ஸ், 8 முறையும் தோல்வி. இந்த ஒரு வரியோடு பெய்லரைக் கடந்துபோவது தவறு. 1962 ஃபைனல்ஸின் ஐந்தாவது ஆட்டத்தில் செல்டிக்ஸுக்கு எதிராக அவர் எடுத்த 61 புள்ளிகளை எந்த ஃபைனல்ஸ் ஆட்டத்திலும் இன்றுவரை யாரும் தாண்டவில்லை. அதே சீசனில் அவர் ராணுவப் பணியில் இருந்தார். விடுப்பு கிடைக்கும்போது மட்டும் வந்து 48 ஆட்டங்கள் ஆடினார். சராசரி 38.3 புள்ளிகள்!

1959 ஜனவரியில் மேற்கு வர்ஜீனியாவின் சார்லஸ்டன் நகரில் கறுப்பின வீரர்களுக்கு ஹோட்டல் அறை தர மறுத்தது. அப்போது முதல் சீசன் ஆடிக்கொண்டிருந்த பெய்லர், அன்றைய ஆட்டத்தில் இறங்க மறுத்துவிட்டார். அன்றைய சூழலில் அது வேலையையே பறிக்கக்கூடிய முடிவு.

1971-72 சீசனில் 9 ஆட்டங்கள் ஆடிய பிறகு காயங்களால் ஓய்வு பெற்றார். அதற்கு அடுத்த ஆட்டத்திலிருந்து அணி தொடர்ந்து 33 ஆட்டங்களை வென்றது. அந்த சீசனிலேயே லாஸ் ஏஞ்சலிஸுக்கு முதல் பட்டமும் கிடைத்தது. விதி சில பேரிடம் இப்படித்தான் விளையாடும்.

5. ஷகீல் ஓ'நீல்

உச்சத்தில் இருந்த ஆட்டத்தை மட்டும் பார்த்தால் ஷாக்தான் நம்பர் 1 என்று வாதாட முடியும். 2000, 2001, 2002 என மூன்று பட்டங்கள், மூன்றிலும் ஃபைனல்ஸ் எம்விபி. 2000 ஃபைனல்ஸில் சராசரி 38 புள்ளிகள். அந்த சீசனின் எம்விபி வாக்கெடுப்பில் 121 முதலிட வாக்குகளில் 120 அவருக்கே விழுந்தது.

பின்னே ஏன் ஐந்தாவது? அவர் இங்கே இருந்தது 8 சீசன்கள். காயம் போக ஆடியது 514 ஆட்டங்கள். கோபியுடனான உரசலும் சேர்ந்து 2004-ல் மயாமிக்கு டிரேடு செய்யப்பட்டார். இன்னும் நான்கு வருஷம் இருவரும் சேர்ந்து ஆடியிருந்தால் இந்தப் பட்டியலே வேறு மாதிரி இருந்திருக்கும்.

4. ஜெர்ரி வெஸ்ட்

14 சீசன்களும் லேக்கர்ஸ் மட்டுமே. 25,192 புள்ளிகள், சராசரி 27. ஃபைனல்ஸுக்குப் போனது 9 முறை, வென்றது 1972-ல் ஒரே ஒரு முறை.

1969 ஃபைனல்ஸின் ஏழாவது ஆட்டம் அவருடைய மொத்தக் கதையையும் சொல்லிவிடும். லேக்கர்ஸ் வெற்றி உறுதி என்ற நம்பிக்கையில் ஃபோரம் அரங்கின் மேற்கூரையில் பலூன்கள் தயாராக இருந்தன. வெஸ்ட் 42 புள்ளிகள், 13 ரீபவுண்டுகள், 12 அசிஸ்டுகள் எடுத்தார். ஆனாலும் செல்டிக்ஸ் 108-106 என ஜெயித்தது. தோற்ற அணியில் இருந்து ஃபைனல்ஸ் எம்விபி வென்ற ஒரே வீரர் இன்றுவரை அவர்தான். என்பிஏ லோகோவில் பந்தோடு ஓடும் உருவத்தை, வெஸ்ட்டின் புகைப்படத்தைப் பார்த்தே வரைந்ததாக அதை வடிவமைத்த ஆலன் சீகல் சொல்லியிருக்கிறார்.

1996-ல் ஷாக்கை ஒப்பந்தம் செய்ததும், 17 வயது கோபியை சார்லட் அணியிடமிருந்து டிரேடில் வாங்கியதும் வெஸ்ட் நிர்வாகியாக இருந்தபோதுதான். இந்தப் பட்டியல் வீரர்களுக்கானது என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் முதலிடமே கேட்பார். 2024 ஜூனில் 86 வயதில் காலமானார்.

3. கரீம் அப்துல் ஜபார்

1975-ல் மில்வாக்கியிலிருந்து வந்து 14 சீசன்கள் ஆடினார். லேக்கர்ஸில் மட்டும் 5 பட்டங்கள், 3 எம்விபி விருதுகள், 24,176 புள்ளிகள். அவருடைய ஸ்கைஹூக் ஷாட்டை எப்படித் தடுப்பது என்று கடைசிவரை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அவரது பெரிய தருணம் 1985. அதற்கு முன் ஃபைனல்ஸில் செல்டிக்ஸிடம் 8 முறை மோதி 8 முறையும் தோற்றிருந்தது லேக்கர்ஸ். அந்த ஆண்டும் முதல் ஆட்டத்தில் 148-114 என அடி பலம். 38 வயது கரீம் முடிந்துவிட்டார் என்றே பலரும் பேசினார்கள். அடுத்த ஆட்டத்தில் 30 புள்ளிகள், 17 ரீபவுண்டுகள். கடைசியில் பாஸ்டன் மண்ணிலேயே பட்டம், ஃபைனல்ஸ் எம்விபியும் அவருக்கே.

2. கோபி பிரயண்ட்

20 சீசன்கள், 1,346 ஆட்டங்கள், ஒரே அணி. 33,643 புள்ளிகளோடு லேக்கர்ஸின் அதிகபட்ச ஸ்கோரர். இரண்டாவது இடத்தில் இருக்கும் வெஸ்ட்டுக்கும் இவருக்கும் 8,000-க்கு மேல் இடைவெளி. 2006-ல் டொராண்டோவுக்கு எதிராக 81 புள்ளிகள், 2016-ல் கடைசி ஆட்டத்தில் 60 புள்ளிகள். 8, 24 என்ற இரண்டு எண்களுக்குமே அணி ஓய்வு கொடுத்தது இவருக்காக மட்டும்தான்.

2020 ஜனவரி 26 அன்று ஹெலிகாப்டர் விபத்தில் கோபியும் அவரது 13 வயது மகள் ஜியானாவும் உட்பட 9 பேர் உயிரிழந்தனர். லாஸ் ஏஞ்சலிஸ் தெருக்களில் இன்றும் பார்க்கும் கோபி சுவரோவியங்களுக்குப் பின்னால் அந்தத் துக்கம் இருக்கிறது. அந்த நகரத்தில் 'கோபி இரண்டாவது' என்று சொல்வதே பலருக்கு வலிக்கும்.

1. மேஜிக் ஜான்சன்

அப்படியென்றால் மேஜிக் ஏன் முதலிடம்? இருவருக்குமே 5 பட்டங்கள். புள்ளிகளிலும் தற்காப்பு ஆட்டத்திலும் கோபிதான் மேலே. அதில் சந்தேகமே வேண்டாம்.

வித்தியாசம் இரண்டாவது விதியில் வருகிறது. கோபியின் முதல் மூன்று பட்டங்களில் அணியின் மைய அச்சு ஷாக். கோபி தலைமையேற்று வென்றது 2009, 2010 என இரண்டு. மேஜிக்கோ முதல் சீசனிலிருந்தே அச்சாக இருந்தார். 1980 ஃபைனல்ஸின் ஆறாவது ஆட்டத்தில் காயத்தால் கரீம் ஆட முடியவில்லை. பாயின்ட் கார்டான 20 வயது மேஜிக், சென்டராகக் களமிறங்கி 42 புள்ளிகள், 15 ரீபவுண்டுகள், 7 அசிஸ்டுகள் எடுத்து, பிலடெல்பியாவில் பட்டத்தை முடித்துக் கொடுத்தார்.

முதல் 12 சீசன்களில் 9 முறை ஃபைனல்ஸ். 3 எம்விபி, 3 ஃபைனல்ஸ் எம்விபி. ஆட்டத்துக்கு 11.2 அசிஸ்டுகள் என்ற கரியர் சராசரி என்பிஏ-வின் உச்சம். கோபிக்கு எம்விபி 1, ஃபைனல்ஸ் எம்விபி 2. மேஜிக் இருந்த அந்த 12 சீசன்களில் ஒருமுறைகூட அணி பிளேஆஃப்ஸைத் தவறவிடவில்லை. கோபி காலத்தில் 2005-லும், கடைசி மூன்று சீசன்களிலும் தவறவிட்டது.

1991 நவம்பர் 7 அன்று தனக்கு எச்ஐவி தொற்று இருப்பதாக அறிவித்து 32 வயதில் ஓய்வு பெற்றார். அந்த ஆண்டு ஜூனில்தான் அணியை ஃபைனல்ஸ் வரை கொண்டுபோயிருந்தார். 1996-ல் திரும்பி வந்து ஆடிய 32 ஆட்டங்களையும் சேர்த்தாலே மொத்தம் 906. இவ்வளவு குறைந்த ஆட்டங்களில் இவ்வளவு என்பதுதான் அவருக்கான வாதம்.

அப்போ இந்த சண்டை முடிந்ததா?

முடியாது, முடியவும் வேண்டாம். உங்கள் அளவுகோல் விசுவாசமும் நீண்ட உழைப்பும் என்றால் கோபிதான் நம்பர் 1, அதை யாரும் மறுக்க முடியாது. அணியின் வெற்றியில் ஒரு வீரரின் பங்கு என்றால் மேஜிக். உச்சகட்ட ஆதிக்கம் என்றால் ஷாக்.

ஆனால் அளவுகோலைச் சொல்லாமல் பெயரை மட்டும் சொன்னால் அடிபடுவது பெய்லர், மைக்கன் போன்றவர்கள்தான். அவர்கள் ஆடியதை நேரில் பார்த்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அணியின் மாடத்தில் மைக்கனின் பெயர் ஏற 2022 ஆனது என்பதே, மறதி எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்பதற்கு உதாரணம்.

புதிய உரிமையாளரின் காலத்தில் லூகா டோன்சிச்சும் இந்தப் பட்டியலுக்குள் வரலாம். அதற்கு அவர் முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பாஸ்டனைத் தொட இன்னொரு பட்டம்.