தாமதமாக வந்த நோட்டும் தவறிய பரீட்சையும்

சம்பா நடவு நாட்களில் காரைக்கால் வட்டாரத்துக் குடிசைகள் விடியுமுன்பே காலியாகிவிடும். தாய் நாற்றுப் பறிக்கப் போய்விடுவாள். தகப்பன் இரவு ஷிப்டு முடிந்து மில்லிலிருந்து இன்னும் திரும்பியிருக்க மாட்டான். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது எட்டாவது படிக்கும் மகள். அவளுடைய வீட்டுப்பாட நோட்டு ஒரு நாள் தாமதமாகப் போகிறது. மார்க்கைக் குறைக்கிறார் உபாத்தியாயர். எந்தக் குற்றத்துக்கு இந்தத் தண்டனை என்று நாம் கேட்கிறோம்.

இது சில்லறை விஷயமல்ல. 2023-24 கல்வியாண்டில் புதுவை, காரைக்கால் சர்க்கார் பள்ளிகளின் மேல்வகுப்புகளும் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாற்றப்பட்டன. அதன் பத்தாம் வகுப்பில் 80 மார்க்குதான் பரீட்சைக்கு. மீதி 20 பள்ளியிலேயே போடுவது. அதில் 5 மார்க்கு, பிள்ளை வருஷம் முழுவதும் சேர்த்து வைத்த எழுத்து வேலைக்கு. மின்விசிறிக்கடியில் மேஜை போட்டு, டியூஷன் வாத்தியாரோடு எழுதும் பிள்ளைக்கு ஐந்தும் சுளையாகக் கிடைக்கும்.

நம் ஊர் கடைமடை. மேட்டூரை ஜூன் 12-ல் திறந்தாலும் இங்கே தண்ணீர் வர நாளாகும். நாள் கடந்து நட்டு, நாள் கடந்து அறுத்த நெல்லையும் அதே மரக்காலால்தான் அளக்கிறோம். தாமதத்துக்கென்று படி கழிப்பதில்லை.

இனி மறுபரீட்சை. எட்டாவது வரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்தக் கூடாது என்றது 2009 கல்வி உரிமைச் சட்டம். 2019-ல் அதைத் திருத்தி, நிறுத்துவதா வேண்டாமா என்பதை அந்தந்த சர்க்காரிடம் விட்டார்கள். 2024 டிசம்பர் 16-ல் மத்திய சர்க்காரின் விதிகள் வந்தன: ஐந்திலும் எட்டிலும் தவறிய பிள்ளைக்குக் கூடுதலாகப் பாடம் சொல்லி, இரண்டு மாதத்துக்குள் மறுபரீட்சை, அதிலும் தவறினால் அதே வகுப்பு. தமிழ்நாட்டில் 2019-ல் இவ்விரு வகுப்புகளுக்கும் பொதுப் பரீட்சை என்று உத்தரவு போட்டார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் 2020 பிப்ரவரியில் வாபஸ் வாங்கினார்கள். 2024 விதிகளையும் அங்கே ஏற்கவில்லை.

எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையை மேல்வகுப்புக்குத் தள்ளிவிடுவதும் மோசடிதான். கூலிச் சீட்டைப் படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்து ஏமாந்தவர்கள் நாம். நமக்கு அது தெரியும். ஆகவே மறுபரீட்சையை வரவேற்கிறோம். ஆனால் அந்த இரண்டு மாதம் எப்போது வருகிறது? கோடை விடுமுறையில்! பள்ளி பூட்டிக் கிடக்கும், மதியச் சோறும் இராது. கூடுதல் பாடத்தை யார், எங்கே சொல்லிக் கொடுப்பது? பாடம் நடத்தாமல் மறுபடி கேள்வித்தாளை மட்டும் நீட்டினால், ஒரு தரம் தவறிய பிள்ளை இரண்டாம் தரமும் தவறும். பிறகு அதே வகுப்பில், தன்னைவிடச் சிறியவர்களோடு உட்காரும் பெண் பிள்ளை எத்தனை நாள் தொடர்ந்து வருவாள்? களையெடுக்க ஆள் தேவை என்று தாயே கூட்டிப் போய்விடுவாள். அவளைக் குறை சொல்ல நம்மால் முடியவில்லை.

தாமதத்துக்கு மார்க்குக் குறைக்காதே. சாயங்காலம் பள்ளியிலேயே விளக்குப் போட்டு, அங்கேயே எழுத இடம் கொடு. மறுபரீட்சைக்கு முன் உபாத்தியாயரையும் சோற்றையும் கொடு. யாரையும் நிறுத்தி வைக்காதே. இவற்றைக் கேட்க இடம் உண்டு. பள்ளி நிர்வாகக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்களே, உறுப்பினரில் பாதிப்பேர் பெண்களே இருக்கவேண்டும் என்கிறது அதே 2009 சட்டம். கூட்டத்தைப் பகல் பதினொரு மணிக்கு வைத்தால் நம்மில் யார் போக முடியும்? வேலை விட்ட பிறகு, மாலை ஆறரைக்கு வைக்கச் சொல்லி இந்த வாரமே தலைமை உபாத்தியாயரிடம் மனுக் கொடுங்கள், தோழர்களே.