ஆயுளும் ஓர் அமானிதமே

“எழுதியபடிதானே நடக்கும்! அஜல் வந்துவிட்டால் மாத்திரையா காப்பாற்றப் போகிறது?” என்று கூறிக்கொண்டே, நீரிழிவு நோயுள்ள ஒருவர் இன்னொரு முறை பிரியாணிக்குத் தட்டை நீட்டும் காட்சியை நம் வலீமா விருந்துகளில் எவரும் காணலாம். கேட்பதற்கு ஈமானின் உறுதிபோல் தோன்றும் இப்பேச்சு, ஈமானின் போர்வையைப் போர்த்திக்கொண்ட அலட்சியமேயாகும்.

அஜல் என்னும் தவணை இறைவனால் நிர்ணயிக்கப்பட்டது. அது வந்துவிட்டால் சிறிதும் முந்தாது, பிந்தாது. இதில் எந்த முஸ்லிமுக்கும் ஐயமில்லை. திருமறையின் ‘அல் அஃராஃப்’ அத்தியாயம் 34ஆம் வசனம் இதைத் தெளிவாக அறிவிக்கிறது. ஆனால் அதே அத்தியாயத்தின் 31ஆம் வசனம், உண்ணவும் பருகவும் அனுமதித்துவிட்டு, வரம்பு மீறுவோரை இறைவன் நேசிப்பதில்லை என எச்சரிக்கிறது. 34ஆம் வசனத்தை ஆதாரம் காட்டுகிறவர்கள் 31ஆம் வசனத்தைக் கடந்துதானே அங்கு வந்திருக்க வேண்டும்? அதை மட்டும் மறந்துவிடுவது என்ன நியாயம்?

விதியை நம்புவது எவ்வாறு என்பதை நமக்குச் செயலில் காட்டியவர் கலீஃபா உமர் (ரலி) அவர்கள். ஹிஜ்ரி 18ஆம் ஆண்டையொட்டி, அதாவது கி.பி. 639 அளவில், ஷாம் தேசத்தில் ‘அம்வாஸ்’ கொள்ளைநோய் பரவியிருந்தது. அங்கு புறப்பட்ட கலீஃபா, ‘ஸர்க்’ என்னுமிடத்தில் இச்செய்தி அறிந்து, தோழர்களைக் கலந்தாலோசித்துத் திரும்பிவிட முடிவு செய்தார்கள். இறைவனின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவினார்கள். இறைவனின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) பதிலளித்தார்கள். ஒரு பக்கம் பசுமையும் மறுபக்கம் வறட்சியுமுள்ள பள்ளத்தாக்கில் ஒட்டகத்தை எப்பக்கம் மேய்த்தாலும் அது இறைவனின் விதிப்படியே நடக்கிறது என்று உவமையும் கூறினார்கள். பசுமையான பக்கத்தைத் தேர்ந்தெடுப்பது மேய்ப்பவனின் பொறுப்பு அன்றோ! ஷாமிலேயே தங்கிவிட்ட அபூ உபைதா (ரலி) அந்நோயினால் இறையடி சேர்ந்தார்கள். கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் நுழையவும் வேண்டாம், அங்கிருந்து வெளியேறவும் வேண்டாம் என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் கட்டளை. அதன்படி ஒருவர் திரும்பினார், மற்றவர் தங்கினார். முடிவு இறைவனிடம் இருந்தது. கீழ்ப்படிதல் இருவரிடமும் இருந்தது.

வாசகச் சகோதரர்களே, நாளை மறுமையில் வாழ்நாளை எவ்வழியில் கழித்தாய் என்னும் கேள்விக்கு விடையளிக்காமல் எவருடைய பாதமும் நகர இயலாது. உடலுக்கும் நம்மீது உரிமை உண்டென்பது நபிகளார் வழங்கிய போதனை. ஆகவே ஆயுளும் உடல்நலமும் நம் சொத்தல்ல. திருப்பி ஒப்படைக்க வேண்டிய அமானிதங்கள்.

இவ்வமானிதத்தை நாம் எங்கு வீணாக்குகிறோம்? முதலில் உணவுத் தட்டில். முதுகை நிமிர்த்தி வைக்கச் சில கவளங்களே போதும். அதற்கு மேல் வேண்டுமென்றால் வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று பெருமானார் (ஸல்) அளவு வகுத்துத் தந்தார்கள். நாமோ மூன்று பங்கையும் உணவுக்கே எழுதிக் கொடுத்துவிட்டோம். 2023இல் வெளியான தேசிய ஆய்வு, இந்தியாவில் ஏறத்தாழ 10 கோடிப் பேர் நீரிழிவுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. நம் ஜமாஅத்துகள் இக்கணக்குக்கு வெளியே நிற்கவில்லை. ரமளானில் பகலெல்லாம் பசித்திருந்துவிட்டு, இஃப்தார் முதல் சஹர் வரை எண்ணெய்ப் பண்டங்களால் வயிற்றை நிரப்புகிறவர், நோன்பு கற்பிக்க வந்த பாடத்தை இரவிலேயே அழித்துவிடுகிறார்.

இதற்கு மருந்து எட்டாத தூரத்தில் இல்லை. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரைச் சென்னை மருத்துவர்கள் ஆராய்ந்து 2006இல் முடிவை வெளியிட்டனர். மூன்றாண்டுகளில், பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 100க்கு 55 பேருக்கு நோய் வந்தது. உணவைச் சீராக்கி, நாள்தோறும் அரை மணி நேரமாவது நடக்குமாறு தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் அது 39 பேராகக் குறைந்தது. மாத்திரையின்றியே இத்தனை பேர் காக்கப்பட்டனர்.

நடப்பதற்கு நமக்கு வாய்ப்பில்லையா? மதீனாவின் பனூ ஸலமா கோத்திரத்தார் தொலைவிலிருந்த தம் இல்லங்களை விட்டுப் பள்ளிவாசலின் அருகே குடிவர விரும்பியபோது, இருக்குமிடத்திலேயே இருங்கள், உங்கள் காலடிகள் நன்மையாக எழுதப்படுகின்றன என்ற பொருள்பட நபிகளார் தடுத்தார்கள். இன்று இரண்டு தெருவைக் கடக்க மோட்டார் சைக்கிளில் வருகிறோம். பள்ளியின் வாசலில் செருப்புகளைவிட வண்டிகளே மிகுதி. ஐவேளை நன்மையையும் ஆரோக்கியத்தையும் பெட்ரோல் ஊற்றி எரிக்கிறோம்.

வீட்டுப் பெண்மக்களின் நிலை இதனினும் கவலைக்குரியது. அடுப்படிக்கும் கூடத்துக்கும் இடையே அவர்களுடைய உலகத்தைச் சுருக்கிவிட்டு, மூட்டுவலிக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மருந்து வாங்கித் தருவதோடு நம் கடமை முடிந்ததென எண்ணுகிறோம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் அண்ணலார் ஓட்டப் பந்தயம் ஓடியதை நம் மேடைகளில் எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்? பெண்கள் கண்ணியத்தோடு நடந்து பழக இடமும் நேரமும் ஏற்படுத்துவது ஆண்களின் பொறுப்பாகும்.

அடுத்தது புகை. முற்கால அறிஞர்கள் சிலர் இதனை மக்ரூஹ் என்றும், சிலர் ஹராம் என்றும் கருதினர். அதன் தீங்கு அன்று திட்டமாகத் தெரிந்திருக்கவில்லை. 1951இல் தொடங்கிய பிரிட்டிஷ் மருத்துவர்கள் ஆய்வின் 50 ஆண்டு முடிவு 2004இல் வெளியானது. தொடர்ந்து புகைத்தவர்கள் சராசரியாக 10 ஆண்டுகள் முன்னதாகவே மாண்டனர். 50 வயதில் நிறுத்தியவர்களுக்கு ஏறத்தாழ 6 ஆண்டுகள் மீண்டன. நம்மை நாமே அழிவில் தள்ளிக்கொள்ளலாகாது என்ற திருமறைக் கட்டளையின் முன் இனியும் இதற்குச் சலுகை தேடுவது முறையன்று என்பதே என் கருத்து.

இறுதியாக, மருந்துக் கடையில் கிடைக்காத ஒன்று உண்டு: உறவு. வாழ்வாதாரம் பெருகவும் ஆயுள் நீளவும் விரும்புகிறவர் சொந்தபந்தங்களைச் சேர்ந்து வாழட்டும் என்பது நபிபோதனை. தவணை நிலையானது எனில் ஆயுள் நீள்வது எப்படி என்று கேட்கலாம். இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (ரஹ்) போன்ற விரிவுரையாளர்கள் இரு விளக்கங்கள் தருகின்றனர். ஒன்று, இருக்கும் ஆயுளில் பரகத் உண்டாகும்; மற்றொன்று, வானவர்களிடமுள்ள ஏட்டில் தவணை கூடும்; இறைவனின் முன்னறிவில் மாற்றமேதும் இல்லை. 148 ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளியான ஓர் ஆராய்ச்சியும், உறவுப் பிணைப்பு வலுவாக உள்ளவர்கள் உயிர்வாழும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 விழுக்காடு அதிகம் என்று கண்டது. சொத்துத் தகராறில் உடன்பிறந்தாரோடு பேச்சை நிறுத்தியவர்கள் இதைச் சிந்திக்கட்டும்.

பேணிக்கையாய் வாழ்ந்தவர் இளமையில் மறைவதும், பேணாதவர் முதுமை காண்பதும் உண்டு. அதனால் பேணுதல் வீணாகிவிடாது. விளைவுக்கு நாம் பொறுப்பாளிகளல்லர், முயற்சிக்கே பொறுப்பாளிகள். ஆனால் குடும்பத் தலைவன் தன் அலட்சியத்தால் நோயாளியாகிப் படுத்துவிட்டால், துன்பம் அவனோடு நிற்பதில்லை. குமர்ப் பிள்ளைகளின் திருமணமும், மகனின் படிப்பும், மனைவியின் நகையும் சேர்ந்தே கரைகின்றன.

ஆகவே ஜமாஅத்தார் ஒன்றுகூடி, வலீமா விருந்துகளின் வகைகளைக் குறைக்கட்டும். ஜும்ஆ மேடைகளில் கத்ரைப் பற்றிப் பேசும்போது உமர் (ரலி) திரும்பி வந்த கதையையும் ஆலிம்கள் சேர்த்தே சொல்லட்டும். நோயாளிகள் ரமளானுக்கு முன்பே மருத்துவரைக் கலந்துகொள்ளட்டும். இன்றைய ஜும்ஆவுக்கு, நடக்க முடிந்தவர்கள் நடந்தே செல்லட்டும்.

நீண்ட ஆயுளும் நற்செயலும் ஒருங்கே வாய்த்தவரே மனிதரில் சிறந்தவர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்த அக்கூட்டத்தில், வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் சேர்த்தருள்வானாக! ஆமீன்.